பிரேக் பேரல் ஏர் ரைபிள் குறி தவறுகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்போம்

பேரலை மடக்கி ஏற்றும் ஏர் ரைபிளில் குறி தவறினால், உடனே பெல்லட்டையோ (அது சுடும் சிறு ஈயக் குண்டு) ஸ்கோப்பையோ (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாற்றத்தான் கை போகும். நானும் அப்படிப் பல மாதம் அலைந்திருக்கிறேன். இப்போது யார் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்கிறேன்: பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே இந்தத் துப்பாக்கி நகரத் தொடங்கிவிடுகிறது. ட்ரிகர் விடுபட்டதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. தான் அழுத்திய காற்றிலேயே மோதி பிஸ்டன் நிற்கும்போது, துப்பாக்கி முன்னால் துள்ளுகிறது. பெல்லட் பேரலுக்குள் ஓடுவது இந்த ஆட்டத்துக்கு நடுவில்தான். ஆட்டத்தை நிறுத்த நம்மால் ஆகாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆட விடத்தான் முடியும். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு வேர் இதுவே.

சோதனையைத் தொடங்கும் முன் சில விஷயங்கள். இலக்குக்குப் பின்னால் பெல்லட்டை விழுங்கிக்கொள்ளும் தடுப்பு இருக்க வேண்டும். பழைய துணியோ காகிதமோ இறுக்கித் திணித்த ஆழமான பெட்டி போதும், ஆனால் அதற்குப் பின்னாலும் திடமான சுவர் வேண்டும். கல், இரும்பு, மரக்கட்டை மீது நேராகச் சுட்டால் பெல்லட் திரும்பி வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுடாதீர்கள். பேரல் மடங்கிய நிலையில் பெல்லட் வைக்கும்போது இன்னொரு கை பேரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும், ட்ரிகர் பக்கம் விரலே போகக் கூடாது. அந்த நிலையில் ட்ரிகர் விடுபட்டால் பேரல் அறைந்து மேலே எழும். விரல் போகும், பேரலும் வளையும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவதும் கூடாது. பிஸ்டனுக்கு மெத்தை போல இருக்கும் காற்றழுத்தம் அப்போது இருக்காது, அது நேராக இரும்பில் போய் இடிக்கும்.

சரி, இப்போது அளவுகோல். 10 மீட்டர் தூரத்தில், உட்கார்ந்த நிலையில், கையை ஒரு மெத்தையின் மேல் வைத்து ஐந்து சுடுங்கள். அதே போல மூன்று தாள். நடுவில் சைட்டை, அதாவது குறிபார்க்கும் அமைப்பை, தொடாதீர்கள். ஒழுங்கான ரைபிளும் பொருந்துகிற பெல்லட்டும் இருந்தால் ஐந்து ஓட்டையும் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குள் அடங்க வேண்டும். ஓட்டைகள் எங்கே விழுந்தன என்பது இப்போதைக்கு வேண்டாம், எப்படி விழுந்தன என்பதைப் பாருங்கள். அந்த மூன்று தாள்தான் நோயைச் சொல்லும்.

ஓட்டைகள் நாலாபக்கமும் சிதறுகின்றன

முதலில் திருகுகள். ஸ்கோப்பையும் பெல்லட்டையும் பிறகு பார்க்கலாம். முன்கட்டையின் இரு பக்கமும் இரண்டு திருகு, ட்ரிகர் காப்பு வளையத்தில் ஒன்றோ இரண்டோ. ஸ்பிரிங் ரைபிளின் இரட்டை உதை இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே இருக்கும். ஒரு ரைபிளில் 10 மீட்டரிலேயே இரண்டு விரல் அகலத்துக்குச் சிதறியது. இரண்டு வாரம் நான்கு வகை பெல்லட் மாற்றினேன், ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் முன்கட்டையின் வலப்பக்கத் திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. வெளியில் பார்த்தால் தெரியாது. கட்டையைப் பிடித்துக்கொண்டு பேரலை மடக்கும்போது மட்டும் 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான். பொருத்தமான திருப்புளியால் நன்றாகப் பிடிக்கும் வரை முறுக்குங்கள், மரம் நசுங்கும் அளவுக்கு வேண்டாம். அடிக்கடி தளர்கிறது என்றால் கழற்றக்கூடிய வகை திரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும்.

அடுத்தது பிடி. இங்கேதான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். குறி தவறினால் இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். இந்த வகை ரைபிளில் அது நேர்மாறாக வேலை செய்யும். இறுக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்காது. ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும், அதற்கேற்ப உதையின் திசையும் மாறும். இடது உள்ளங்கையைத் திறந்து வானம் பார்க்க வையுங்கள். அதன் மேல் முன்கட்டை சும்மா கிடக்கட்டும். விரல்கள் கட்டையின் பக்கவாட்டில் ஏறக் கூடாது. வலது கையின் பிடியும் தளர்வாக இருக்கட்டும், கட்டைவிரல் சுற்றி வளைக்காமல் பக்கவாட்டில் படுத்திருந்தாலும் நல்லது. தோளில் அழுத்தாமல் தொடும் அளவுக்கு வையுங்கள். கன்னம் கட்டை மேல் இலேசாகப் படட்டும். சுட்டதும் ரைபிள் உள்ளங்கையில் வழுக்கிப் பின்னால் போய் முன்னால் வருவதை நீங்கள் உணர வேண்டும். இதை ஆர்ட்டில்லரி ஹோல்ட் என்பார்கள். சுட்டதும் பீரங்கி தன் தண்டவாளத்தில் பின்னால் ஓடித் திரும்புவது போல என்பதால் அந்தப் பெயர். இந்தப் பெயரைப் பரப்பியவர் அமெரிக்க ஏர் கன் எழுத்தாளர் டாம் கேலார்ட்.

உள்ளங்கை எங்கே இருக்க வேண்டும் என்பது ரைபிளுக்கு ரைபிள் வேறுபடும். ட்ரிகர் காப்புக்கு ஒட்டி முன்னால் ஒரு குரூப் (ஒரே தாளில் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்), முன்கட்டையின் நடுவில் ஒன்று, கட்டை முடியும் இடத்தருகே ஒன்று எனச் சுட்டுப் பாருங்கள். மூன்றில் ஒன்று தெளிவாகச் சுருங்கும். கட்டையை மேசை விளிம்பிலோ கடினமான மரத்தாங்கியிலோ நேராக வைத்துச் சுட்டிருந்தால், சிதறலுக்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

பிடியும் திருகும் சரி என்ற பிறகே பெல்லட். ஒரே அச்சில் செய்தது போலத் தெரியும் இரண்டு பேரலுக்கும் பிடிக்கும் பெல்லட் வேறு வேறு. 4.5 மி.மீ. பேரலில் தொடங்க ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44 கிரெய்ன் (கிரெய்ன் என்பது பெல்லட் எடையின் அலகு), ஹெச் அண்ட் என் ஃபீல்ட் டார்கெட் டிராஃபி, ஆர்டபிள்யூஎஸ் சூப்பர்டோம் போன்ற வட்டத்தலை பெல்லட்டுகளில் மூன்று வகை எடுங்கள். கூர்மூக்கு பெல்லட் பார்க்கத்தான் அழகு, நான் அதில் நல்ல குரூப் பார்த்தது அரிது. வகை மாற்றியதும் முதல் 15 சுட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேரல் புதிய ஈயத்துக்குப் பழகட்டும்.

பெல்லட்டை வைக்கும்போது கட்டைவிரல் நுனியில் கவனம் இருக்கட்டும். நல்ல பொருத்தம் என்றால் தலை எளிதாக உள்ளே போகும், அகன்ற பின்விளிம்பு மட்டும் ஒரு சிறு எதிர்ப்புக் காட்டிப் பிறகு அமரும். தானாக உள்ளே விழுந்தால் தளர்வு. நகம் வலிக்கத் தள்ள வேண்டியிருந்தால் இறுக்கம். பின்விளிம்பு நசுங்கிய பெல்லட்டைத் தனியே ஒதுக்குங்கள். டப்பாவில் அடியில் கிடப்பவற்றில் இது நிறைய இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிதறினால் பேரல் வாயைப் பாருங்கள். ரைபிளில் எதுவும் ஏற்றப்படவில்லை என்று உறுதி செய்தபின், பஞ்சு சுற்றிய குச்சியை வாய்க்குள் சற்றே விட்டு விளிம்போடு சுற்றி வெளியே இழுங்கள். ஓரிடத்தில் பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. அதைச் சரிசெய்வது அனுபவம் உள்ளவர் வேலை. எஃகு பிபி குண்டை இந்தப் பேரலில் போட்டுச் சுட்டிருந்தால், உள்ளே இருக்கும் சுழல் வரிகளே சேதமாகியிருக்கலாம்.

குரூப் சின்னதாக இருக்கிறது, ஆனால் நாளுக்கு நாள் இடம் மாறுகிறது

இது நல்ல செய்தி. ரைபிளும் பெல்லட்டும் ஒத்துப்போகின்றன, வேறு ஏதோ நகர்கிறது.

ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட்டின் பின்விளிம்பு, ரைபிள் மேலுள்ள தண்டவாளத்தில் நிற்கும் இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். 50 சுட்டுக்குப் பிறகு கோட்டுக்கும் மவுண்ட்டுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால், உதையில் மவுண்ட் பின்னால் ஊர்கிறது. திருகை இன்னும் முறுக்கினால் தீராது. மவுண்ட்டின் அடியில் தடுப்பு ஊசி இருக்கும் வகையை வாங்கி, ரைபிள் மேலுள்ள துளையில் அது உட்காரும்படி மாட்டுங்கள். வளையத்துக்குள் ஸ்கோப் குழாயே வழுக்கவும் கூடும், அங்கேயும் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

மவுண்ட் அசையவில்லை என்றால் ஸ்கோப்பின் உயரத் திருகைப் பாருங்கள். மடக்கும் பேரல்கள் பலவும் மிகச் சிறிதளவு கீழ்நோக்கிச் சாய்ந்தே இருக்கும். அதைச் சமன் செய்ய உயரத் திருகைக் கிட்டத்தட்ட கடைசி வரை திருப்பியிருப்பீர்கள். அந்தக் கோடியில், உள்ளே லென்ஸ் குழாயைத் தாங்கும் சிறு ஸ்பிரிங் தளர்ந்துவிடும். ஒவ்வொரு உதைக்கும் குழாய் தன்னிஷ்டத்துக்கு உட்காரும். திருகை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எண்ணி, நடுவில் வைத்துச் சுட்டுப் பாருங்கள். பெல்லட் மிகவும் கீழே விழுந்தால் சாய்வு உறுதி. இதற்கென்றே பின்பக்கம் உயர்ந்த மவுண்ட் கிடைக்கிறது. தற்காலிகமாகப் பின்வளையத்தின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று வைக்கலாம். ஒன்றுக்கு மேல் அடுக்கினால் ஸ்கோப் குழாய் வளையும்.

சாதாரண ஸ்கோப்புகள் பின்னால் போகும் உதையைத்தான் எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. முன்னால் வரும் துள்ளல் அவற்றை உள்ளேயே உடைத்துவிடும். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லும் ஸ்கோப்பை மட்டும் மாட்டுங்கள். சந்தேகமாக இருந்தால் ஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு ரைபிளோடு வந்த சைட்டில் மூன்று குரூப் சுடுங்கள். இடம் மாறாமல் இருந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

ஓட்டைகள் மேலும் கீழுமாக ஒரே வரிசையில் நிற்கின்றன

பக்கவாட்டில் நகராமல் செங்குத்தாக மட்டும் நீண்டால் இரண்டில் ஒன்று. உள்ளங்கை ஒவ்வொரு முறையும் சற்று முன்னும் பின்னும் போகிறது, அல்லது பெல்லட்டின் வேகம் ஒரே சீராக இல்லை. முதலாவதற்குக் கட்டையில் உள்ளங்கை முடியும் இடத்தில் ஒரு சிறு துண்டு டேப் ஒட்டி, ஒவ்வொரு முறையும் அங்கேயே வையுங்கள். அதில் சரியாகிவிட்டால் கதை முடிந்தது.

ஆகவில்லை என்றால் பேரல் சந்திப்பின் காற்றுக் கசிவைப் பாருங்கள். பேரல் மூடும் இடத்தின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதப் பட்டையைக் கிடத்திவிட்டு, பெல்லட்டோடு இலக்கைப் பார்த்துச் சுடுங்கள். காகிதம் துள்ளி எழுந்தால் அங்கே காற்று போகிறது. பேரலின் பின்முனையில் இருக்கும் சிறு ரப்பர் வளையம்தான் இதற்குக் காரணம், புதிதாக மாற்றுவது பெரிய செலவில்லாத வேலை. வளையம் நன்றாக இருந்தும் பள்ளத்தில் ஆழ்ந்து கிடந்தால், அதன் அடியில் மெல்லிய ஒரு சுற்று வைத்து உயர்த்தலாம். பக்கத்தில் யாரிடமாவது வேகமானி இருந்தால் பத்து சுட்டு அளந்து பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் ஸ்பிரிங் ரைபிளில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசம் விநாடிக்குச் சுமார் 5 மீட்டரில் நிற்கும்.

இடது வலதாக நீளுகிறது

பெரும்பாலும் ட்ரிகர் விரல். நுனியின் சதைப்பகுதியால் நேர் பின்னோக்கி இழுக்கிறீர்களா, பக்கவாட்டில் தள்ளுகிறீர்களா என்று பாருங்கள். இரண்டு நிலை ட்ரிகர் என்றால் முதல் தளர்வை முடித்துவிட்டு, சுவர் போல நிற்கும் இடத்தில் ஒரு நொடி நின்று, பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். வெடித்த பிறகும் குறுக்குக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தலையைத் தூக்கி ஓட்டை விழுந்ததா என்று எட்டிப் பார்க்கும் அவசரம் அடுத்த சுட்டில் முன்கூட்டியே வந்துவிடும்.

இன்னொரு காரணம் பேரல் கீல். மூடிய நிலையில் பேரலைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். துளியளவு ஆட்டம் இருந்தாலும் கீல் போல்ட்டை இறுக்க வேண்டும். சரியான இறுக்கத்தில், ஸ்பிரிங் ஏற்றிய பின் பேரலை நீங்கள் விடும் கோணத்தில் அது நிற்கும், தன் எடையால் விழாது. இந்தச் சோதனையின்போது சேஃப்டி போட்டு, ட்ரிகரை விட்டு விரல் தள்ளியே இருக்கட்டும், கை பேரலுக்குக் கீழே தயாராக இருக்கட்டும். போல்ட்டுக்குப் பதில் வெறும் ஊசி போட்ட ரைபிள்களில் இதை வீட்டில் இறுக்க முடியாது.

10 மீட்டரில் பிரமாதம், 25 மீட்டரில் சொதப்பல்

பாதி நேரம் இது ரைபிளின் குறையே அல்ல. ஸ்கோப்பில் பேரலக்ஸ் சரியாக இல்லாவிட்டால், கண் சற்று விலகினாலும் குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகரும். ரைபிளை மெத்தையில் அசையாமல் வைத்து, தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கோடு இலக்கில் நடந்தால் முன்லென்ஸ் வளையத்தையோ பக்கத் திருகையோ அந்தத் தூரத்துக்கு வைக்க வேண்டும். துப்பாக்கிகளுக்கான பல ஸ்கோப்புகள் 100 கஜத்துக்கு நிரந்தரமாக வைத்து வருபவை. ஏர் ரைபிளுக்கு 10 மீட்டர் வரை இறங்கும் வகை வேண்டும்.

மற்றது சாதாரணக் கணக்கு. ஸ்கோப் பேரலுக்கு மேலே நான்கைந்து சென்டிமீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. விநாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போகும் 4.5 மி.மீ. பெல்லட்டை 25 மீட்டருக்குச் சரிசெய்தால், 10 மீட்டரில் அது குறிக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் போல விழும். கோளாறு என்று நினைத்து ஸ்கோப்பைத் திருப்ப வேண்டாம், எந்தத் தூரத்தில் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருகின் ஒரு கிளிக்குக்குக் கால் நிமிடக் கோணம் (ஒரு பாகையில் 240-ல் ஒரு பங்கு) நகரும் ஸ்கோப்பில் ஒரு கிளிக் 25 மீட்டரில் கிட்டத்தட்ட 1.8 மி.மீ. நகர்த்தும். இரண்டு சென்டிமீட்டர் மாற்ற 11 கிளிக்.

ரைபிளைச் சாய்த்துப் பிடிக்கிறீர்களா என்றும் பாருங்கள். கிட்டத்தில் அது தெரியவே தெரியாது, தூரம் கூடக் கூட பெல்லட் சாய்ந்த பக்கம் விலகும். காற்றும் அப்படித்தான்.

புகை, எண்ணெய் வாடை, வெடி போன்ற சத்தம்

புதிய ரைபிளில் முதல் சில டஜன் சுட்டுக்கு இது இயல்பு. அழுத்த அறையில் ஒட்டியிருக்கும் எண்ணெய், காற்று அழுந்தும் சூட்டில் பற்றிக்கொள்கிறது. டீசல் எஞ்சின் நடக்கும் விதமே இதுவும், அதனால்தான் டீசலிங் என்கிறார்கள். அது தீரும் வரை குரூப்பை நம்பாதீர்கள், வேகம் தாறுமாறாக இருக்கும். ரைபிள் அமைதியடைய சில நூறு சுட்டு ஆகலாம்.

பழைய ரைபிளில் திடீரென்று தொடங்கினால், யாரோ காற்றுத் துளைக்குள் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். சாதாரண இயந்திர எண்ணெயை அங்கே விடவே கூடாது. பெரிய வெடிப்பு பிஸ்டன் சீலையும் ஸ்பிரிங்கையும் ஒரே அடியில் கெடுக்கும். புகை, வாடை எதுவும் இல்லாமல் சாட்டை சொடுக்கும் சத்தம் மட்டும் வந்தால் பெல்லட் ஒலியின் வேகத்தைத் தாண்டுகிறது. கனமான பெல்லட்டுக்கு மாறுங்கள், குரூப்பும் சுருங்கும்.

வலு குறைந்துவிட்டது, பெல்லட் மந்தமாகப் போகிறது

முதலில் மேலே சொன்ன காகிதச் சோதனை. அதில் தேறினால் பிஸ்டன் சீல் அல்லது ஸ்பிரிங். மடக்கும்போது கரகரப்பு, வழக்கத்தைவிட இலேசாக மடங்குவது, சுட்டதும் கம்பி அதிர்வது போன்ற ஒலி என்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கும். மணிக்கணக்கில் ஏற்றியே வைக்கும் பழக்கமும் ஸ்பிரிங்கைத் தளரவைக்கும். உள்ளே அது எப்போதும் அழுத்தத்தில்தான் இருக்கிறது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் பின்பக்கத்தைக் கழற்றினால் அது முகத்தில் பாயும். இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ட்ரிகர் தானாக விடுபட்டாலோ, ஏற்றிய நிலையில் பூட்டாமல் நழுவினாலோ, அந்த ரைபிளை அன்றே நிறுத்துங்கள்.

எல்லாம் சரிபார்த்தும் உங்களுக்கு மட்டும் படவில்லை

அதே ரைபிளில் இன்னொருவர் நன்றாகச் சுடுகிறார், உங்களுக்கு வரவில்லை. இது தேர்வில் நடந்த தவறாக இருக்கலாம். அதிக வலு கொண்ட மேக்னம் ரைபிள்தான் பலர் முதலில் வாங்குவது. அதிக வலு என்றால் அதிக உதை, பிடியில் சிறு மாற்றத்தையும் அது மன்னிக்காது. மடக்கவே கை நடுங்கும், அந்த நடுக்கத்தோடுதான் குறி பார்க்க வேண்டும். இலக்குப் பயிற்சிக்கு 10 முதல் 16 ஜூல் வரையிலான ரைபிள் தாராளம். 16 ஜூலில் 4.5 மி.மீ. பெல்லட் விநாடிக்கு 240 மீட்டரும், 14.3 கிரெய்ன் எடையுள்ள 5.5 மி.மீ. பெல்லட் 186 மீட்டரும் போகும். முதலாவது நேராகப் போகும், குறி கற்க எளிது. என் தேர்வு அதுதான்.

வாங்கும் முன் கையில் எடுத்து, சுடாமல் பாருங்கள். மூடிய பேரலை அசைத்துப் பாருங்கள், பேரல் வாய் விளிம்பைப் பாருங்கள், தோளில் வைத்துக் கண்ணை மூடித் திறந்தால் சைட் கண்ணுக்கு நேராக இருக்கிறதா பாருங்கள். சட்டத்துக்குட்பட்ட பயிற்சி இடத்தில் சுட்டுப்பார்க்க அனுமதித்தால் 20 முறை மடக்கிச் சுடுங்கள். இருபதாவதிலும் முதலாவதைப் போலவே மடக்க முடிந்தால் அது உங்களுக்கான ரைபிள். கேஸ் பிஸ்டன் வகை (ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு தள்ளுவது) ஏற்றியே இருந்தாலும் தளராது, அதிர்வும் குறைவு, உதை மட்டும் சற்றுச் சுருக்கென்று இருக்கும். ட்ரிகர் நன்றாக இருக்கும் ஒரு சாதாரண ரைபிளை, ட்ரிகர் மோசமான வலுவான ரைபிளைவிட நான் எப்போதும் மேலே வைப்பேன்.

காரணமே தெரியாமல் ஒரு நாள் எல்லாம் ஒரே ஓட்டையில் விழுகிறது

இதையும் கோளாறாகவே நடத்துங்கள், அப்போதே நிறுத்திவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த டப்பா பெல்லட், எத்தனையாவது சுட்டு, உள்ளங்கை எங்கே இருந்தது, தோளில் எவ்வளவு அழுத்தம், கன்னம் கட்டையில் எங்கே பட்டது. உள்ளங்கை முடிந்த இடத்தில் பழைய டேப்பைப் பிரித்துப் புதிதாக ஒட்டுங்கள். தாளில் தேதி போட்டு எடுத்து வையுங்கள். ஈயத்தைத் தொட்ட கை, கழுவிவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும்.